கரண்ட் வைத்தால் முட்டிவலி போகுமா? நுகர்வோர் கேள்வி-பதில்

மூட்டுவலி, பிசியோதெரபி, அதற்கு ஆகும் செலவு பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 47. சின்ன வயதிலிருந்தே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை. வலது முட்டியில் தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன டாக்டர், பிசியோதெரபி எடுக்கச் சொன்னார். போன இடத்தில் 30 சிட்டிங்குக்கு மொத்தம் 13,500 ரூபாய், முன்கூட்டியே கட்டினால் மூன்று சிட்டிங் இலவசம் என்கிறார்கள். தினமும் 20 நிமிடம் கரண்ட் வைப்பார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பிசியோதெரபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்னது சரியான யோசனைதான். 30 நாள் கரண்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முட்டியில் தேய்ந்த ஜவ்வை எந்த மெஷினும் வளர்த்துத் தராது. பிறகு பிசியோதெரபி என்னதான் செய்கிறது? முட்டி தனியாக உடம்பைச் சுமப்பதில்லை. தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்புத் தசையும் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. வலி வந்ததும் நாம் அந்தக் காலைப் பயன்படுத்துவதைக் குறைக்கிறோம். தசை இளைக்கிறது. இளைத்த தசை தாங்காத பாரமும் மூட்டின் மேல் இறங்குகிறது, வலி இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றை உடைப்பதுதான் பிசியோதெரபிஸ்டின் வேலை. அதை உடைப்பது உடற்பயிற்சி. கரண்ட் அல்ல.

தோலில் ஒயர் ஒட்டி லேசான மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ், ஐஎஃப்டி, ஒலி அலையைச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் நம் ஊரில் மொத்தமாகக் 'கரண்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். வைத்த கொஞ்ச நேரத்துக்குச் சிலருக்கு வலி மட்டுப்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலில் இந்த மின்சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். அதே வழிகாட்டுதல், தேய்மானம் உள்ள எல்லோருக்கும் அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சியை முதல் சிகிச்சையாக வைக்கிறது. நம் ஊர் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் இது தெரியும். மெஷினில் படுக்கவைத்துவிட்டால் ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்கலாம். பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அதனால் பணத்தை மெஷின் ஓடும் நிமிடங்களுக்குக் கொடுக்காமல் பரிசோதனைக்கும் சொல்லிக் கொடுப்பதற்கும் கொடுங்கள். முதல் நாளே உங்களை நடக்கச் சொல்லிப் பார்த்தார்களா? இரண்டு காலையும் மடக்கி நீட்டி, கோணம் அளந்து எழுதினார்களா? தொடைத் தசையின் பலத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்களா? பட்டறையில் எப்படி உட்காருகிறீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டார்களா? இதில் ஒன்றும் நடக்காமல் நேரே கட்டிலில் படுக்கவைத்து ஒயரை ஒட்டினால், வேறு இடம் பாருங்கள்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். கை இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் விளிம்பில் உட்காருங்கள். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எட்டுப் பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. செய்யும்போது லேசாக வலிப்பதில் தப்பில்லை. மறுநாளும் வலி அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எப்போது கூட்டுவது என்பதை உங்களைப் பார்த்து முடிவு செய்யத்தான் பிசியோதெரபிஸ்ட்.

இதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். அரை நிமிடத்தில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று முதல் நாள் எண்ணிக் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். தசை பலம் பெற அந்த அளவுக்காவது காலம் வேண்டும், பத்து நாளில் தீர்ப்பு சொல்லாதீர்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் கொடுத்த காசு வேலை செய்திருக்கிறது.

சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டு, பிறகு வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ போய்ச் சரிபார்த்துக்கொண்டால் பலருக்குப் போதும். 'அப்படித் தர மாட்டோம், பேக்கேஜ்தான்' என்றால் அங்கே போகவே தேவையில்லை. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிசியோதெரபி உண்டு. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பாதி நாள் கூலி போகும். அதையும் கணக்கில் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

வேலையைப் பற்றி ஒன்று. சப்பணத்தில் முட்டி முழுக்க மடங்கியே கிடக்கிறது. பட்டறை முதலாளி சம்மதித்தால் மேசையும் நாற்காலியும் நல்லது. முடியாவிட்டால் தாழ்வான பலகை ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்தக் காலை நீட்டிக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். இது தெரிந்த விஷயம்தான். ஆர்டர் நெருக்கும்போது முதலில் மறந்துபோவதும் இதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு (வயது 66) முட்டி மாற்று அறுவைசிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாப்பேட்டையில் வீட்டுக்கே ஒருவர் வந்து பிசியோ செய்கிறார். ஒருமுறைக்கு 600 ரூபாய். பாதி நேரம் எண்ணெய் போட்டு மசாஜ், மீதி நேரம் ஏதோ சூடு வைக்கும் மெஷின். 'ஹாஸ்பிடல்ல இருந்தவன்மா நான்' என்கிறார். ரசீதும் தருவதில்லை. படித்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தச் செலவு இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?

பதில்: நேராகக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பிசியோதெரபி பட்டம் என்பது, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு. சான்றிதழைக் காட்டச் சொன்னால் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருத்துவமனையில் அட்டெண்டராக இருந்த பலர் கைப்பழக்கத்தில் இந்த வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்களில் அன்பாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் அறுவைசிகிச்சை ஆன முட்டிக்கு அன்பு மட்டும் போதாது.

உடனே கவனிக்க வேண்டியது அந்த மெஷின். அது ரேடியோ அலையால் உள்ளே ஆழமாகச் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதர்மியாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். உள்ளே உலோகம் வைத்த இடத்தில் அந்தச் சூட்டைக் கொடுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் ஆகாது. மசாஜிலும் கவனம் வேண்டும். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்துவிடாமல் உடனே அறுவைசிகிச்சை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

இந்த வாரங்களில் நடக்க வேண்டியவை இரண்டு. முட்டி நன்றாக மடங்க வேண்டும், முழுவதும் நீளவும் வேண்டும். எல்லோரும் மடக்குவதையே பார்க்கிறார்கள், நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். அம்மா படுக்கும்போது இதமாக இருக்கட்டும் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கால் வளைந்தபடியே பழகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் முட்டி தானாகத் தாழ்ந்து நீளும். வருகிறவர் ஒவ்வொரு வாரமும் எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எழுதிவைக்கிறாரா? வாக்கரிலிருந்து கைத்தடிக்கு எப்போது மாறுவது என்று சொல்கிறாரா? இரண்டும் இல்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெறும் பிசியோதெரபிக்கு மட்டும் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. ஆனால் அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய செலவு என்று 60 நாளோ 90 நாளோ பாலிசியில் போட்டிருப்பார்கள். அந்த நாட்களுக்குள் வந்தால் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபி எழுதியிருக்க வேண்டும், படித்தவர் கையெழுத்திட்ட தேதிவாரியான ரசீது வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் ரசீதே தருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. பிசியோதெரபி சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாளைக்கு வேறு யாராவது பில்லில் அதைச் சேர்த்தால் என்ன கணக்கு என்று கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 70 வயது, இரண்டு முட்டியும் வலி. வாரம் மூன்று நாள் சேலத்துக்கு வரச் சொல்கிறார்கள். இருபது ஹேர்பின் வளைவு இறங்கி ஏறினால் வலி கூடத்தான் செய்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் அடக்கம். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரிகிறது, பிசியோதெரபிஸ்டும் வருவார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். காசு கிடையாது. ஒன்றியம் முழுவதையும் அவர் சுற்ற வேண்டும் என்பதால் அடிக்கடி வர மாட்டார். வரும் நாளில் பயிற்சிகளை அப்பா செய்ய, நீங்கள் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் அதைப் பார்த்துச் செய்யலாம். மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சிக்குச் சேலம் வர வேண்டியதே இல்லை.

மலையில் முட்டியை வாட்டுவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். கைத்தடியை அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நிறைய பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். காப்பித் தோட்டச் சரிவில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்கச் சொல்லுங்கள். அது அவருக்கே தெரிந்திருக்கும், அவசரத்தில்தான் யாரும் செய்வதில்லை.

ஒரு முட்டி மட்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, காலையில் எழுந்தால் கைவிரல் மூட்டுகள் அரை மணிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தாலோ அது வெறும் தேய்மானம் இல்லை. அப்போது எத்தனை வளைவானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு கடையில் சூடான மசாஜ் கட்டிலில் தினமும் இலவசமாகப் படுக்கவைத்தார்கள். இரண்டு மாதம் போனேன். அங்கே வருகிறவர்கள் எல்லாம் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள். கடைசியில் 'மூட்டுத் தேய்மானம் முழுசாகக் குணமாகும், ஆபரேஷனே தேவைப்படாது' என்று சொல்லி, 1,40,000 ரூபாய்க்கு ஒரு கட்டில் விற்றார்கள். ஆறு மாதம் ஆகிறது, வலி அப்படியே இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கட்டில் பழுதாகவில்லை, விற்றவர்கள் சொன்ன சொல்தான் பழுது. பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுத்தால் சட்டத்தில் நேரடியாக இடமிருக்கிறது. உங்கள் வழக்கு பொய்யான வாக்குறுதி கொடுத்து விற்றது என்ற அடிப்படையில் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் முறையற்ற வணிகம்தான். ஆனால் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, கடைச் சுவரில் ஒட்டியிருந்த படம், உங்களோடு கடைக்கு வந்துபோனவர்களின் சாட்சி என்று கிடைப்பதைச் சேருங்கள். பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பில் தர மறுத்திருந்தால் அதுவும் தனிக் குற்றச்சாட்டு. பணம் போன வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துவையுங்கள்.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதினைந்து நாள் பாருங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. வாங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முழுப் பணமும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரும் கடைகள் உண்டு.

கேள்வி: இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறேன். சுகர் இருக்கிறது. இடது தோள் இறுகிப்போய் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. ஒருவர் இழுத்துவிட்டால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: இழுக்க விடாதீர்கள். இது பெரும்பாலும் தோள் உறைவு, சுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருகிறது. பலவந்தமாக இழுத்தால் வலி கூடும், தசை கிழியலாம். ஒரு டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, சுகரைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். நல்ல கையால் மேசையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது போன்றவற்றைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். முழுதாகச் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வேகமாகக் குணமாக்குவதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மெடிக்கலில் 'நீ கேப்' (முட்டியில் மாட்டும் உறை) 250 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை இருக்கிறது. எது வாங்கலாம்?

பதில்: சாதாரணத் தேய்மானத்துக்கு எதுவும் கட்டாயமில்லை. போட்டால் தெம்பாக இருக்கிறது என்றால் விலை குறைந்ததே போதும். முட்டி நழுவுகிறது, ஆடுகிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும் பக்கவாட்டில் கம்பி வைத்தது தேவைப்படும். எதுவானாலும் கடையிலேயே போட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பின்பக்கம் மடிப்பு விழுந்து அழுத்தினால் ஒரு சைஸ் பெரியது கேளுங்கள். ராத்திரி கழற்றிவிட்டுப் படுங்கள்.