முதியோர் இல்லத்தில் என் பிறந்தநாளைக் கொண்டாட விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

தாராளமாகக் கொண்டாடுங்கள். கைப்பேசியை மட்டும் பையை விட்டு எடுக்காதீர்கள்.

"நல்லது செய்ய வருகிறவரையும் விரட்டுகிறாயே" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் ஓர் இலவச முதியோர் இல்லத்தில் பல வருடங்களாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நன்கொடை வராவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடியில் ஒரு குடும்பம் வந்தது. மகனுக்கு முதல் பிறந்தநாள். வடை பாயசத்தோடு சாப்பாடு; குறையே சொல்ல முடியாது. சாப்பிட்டதும் நேராகப் பெண்கள் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். எங்களிடம் தனி அறைகள் இல்லை. ஒரு கட்டில், அதன் அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான் ஒருவருக்குச் சொந்தமான இடம். ஒரு பாட்டிக்கு அப்போது டயாபர் மாற்றிக்கொண்டிருந்தேன். திரையை விலக்கி, குழந்தையை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினார் ஒருவர். பாட்டி சட்டென்று முந்தானையை இழுத்து மூடியது முகத்தை. அவர் இங்கே இருப்பது சொந்த ஊரில் பலருக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டேன். நிர்வாகி எனக்குத்தான் புத்தி சொன்னார்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இலவசச் சோறு சாப்பிடுகிறவருக்கு மட்டும் அது கிடையாதா?

வங்கிக்காரர்கள் இன்னொரு ரகம். ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டி ஒருவரை, உயிரோடு இருக்கிறார் என்று வங்கியில் காட்டிச் சான்றிதழ் வாங்க, நவம்பர் வந்தால் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்றிதழ் பெறும் வசதி 2021-இலேயே வந்துவிட்டது. கவுண்டரில் கேட்டால் "சர்வர் வேலை செய்யவில்லை".

சரி, உங்கள் விஷயம். இரண்டு நாள் முன்பே போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் டயாபர், படுக்கை விரிப்பு, பினாயில் என்றுதான் சொல்வோம். சர்க்கரை நோயாளிகள் அதிகம், கேக் வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகள் எங்கே என்று யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகக் கூப்பிட்டால் மட்டும் கட்டில் பக்கம் போங்கள். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் சாம்பார் வாளியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று எப்படியும் வேறு பிறந்தநாள் இருக்கும்.