ரோமானிய வெள்ளிக்காசு ஏன் செம்பு மாதிரி இருக்கு?

வெள்ளிக்காசுன்னு வாங்கினது செம்பு நிறத்துல இருக்கு, டூப்ளிகேட்டான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு அப்படி முடிவு பண்ணிடாதீங்க. முதல்ல அதுல இருக்கற ராஜாவோட தலைய பாருங்க, சூரியக்கதிர் மாதிரி கூர்கூரா கிரீடம் இருந்தா அது பெரும்பாலும் அன்டோனினியானஸ் தான், கி.பி. 215ல கராகல்லாங்கற ரோமானிய ராஜா கொண்டு வந்த காசு. ரெண்டு தினாரியஸ் (அதுக்கு முன்னாடியே இருந்த ரோமானிய வெள்ளிக்காசு) மதிப்புன்னு சொல்லி விட்டாங்க, ஆனா உள்ள இருந்த வெள்ளி ஒன்றரை தினாரியஸ் அளவுதான்!

வெள்ளியில செம்பு சேர்க்கற இந்த கலப்படம் நீரோ ராஜா காலத்துலயே, கி.பி. 64 வாக்குல, சின்னதா ஆரம்பிச்சது. அப்புறம் படைக்கு சம்பளம் கொடுக்கணும், ஓயாத சண்டை, வெள்ளி பத்தல, அதனால ஒவ்வொரு ராஜாவும் கொஞ்சம் கொஞ்சமா செம்பை ஏத்திக்கிட்டே போய் 268ல காலியெனஸ் செத்தப்ப நூத்துக்கு அஞ்சு பங்கு வெள்ளி கூட இல்ல, மேல மட்டும் மெல்லிசா வெள்ளிப் பூச்சு. அது தேஞ்சு போனா உங்க காசு மாதிரிதான் தெரியும்.

ஒரு லென்ஸ் வச்சு எழுத்துக்கு நடுவுல, காது மடல் ஓரத்துல பாருங்க, அங்கதான் பூச்சு ஒட்டிட்டு இருக்கும். தயவு செஞ்சு புளி, எலுமிச்சை போட்டு தேய்க்காதீங்க, 1700 வருஷம் தாங்கின பூச்சு அஞ்சு நிமிஷத்துல போயிடும். விளிம்பையும் பாருங்க. அந்தக்கால காசு ஒவ்வொண்ணா சுத்தியலால அடிச்சது, ஓரம் வெடிச்சிருந்தா பயப்பட வேண்டாம், சுத்தி ஒரே நேர்கோடா தையல் மாதிரி இருந்தாதான் அச்சுல வார்த்த போலின்னு சந்தேகப்படணும்.