தார், ஜிம்னி, ஜிப்ஸிக்கு அடித்தகடும் ஸ்லைடரும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புது மஹிந்திரா தார் ஜீப் எடுத்திருக்கேன். ஆஃப்ரோடு போறதுக்கு முன்னாடி இரும்பு பம்பர் மாட்டிடலாமா?

பதில்: தம்பி, பம்பர் அப்புறம், முதல்ல ராக் ஸ்லைடர், அதாவது கதவுக்குக் கீழ நீளவாக்குல மாட்டுற கனமான இரும்பு பைப், போடுங்க. பம்பர் அடிபட்டா கழட்டி வேற மாட்டிக்கலாம், ஆனா கதவுக்குக் கீழ இருக்கிற ஓரம் பாறையில உக்காந்து நசுங்குச்சுன்னா கதவே மூடாது, அது பாடியோட சேந்தது, டிங்கரிங் வேலை பெருசா இழுத்துடும். ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு புல் பார், அதாவது பம்பருக்கு முன்னாடி மாட்டுற இரும்புக் கம்பி, வேணவே வேணாம். 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை மாட்டின வண்டிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு. ஏர்பேக் சென்சார் மோதலோட வேகத்தை வச்சு வேலை செய்யுது, முன்னாடி இரும்பு மாட்டினா அந்தக் கணக்கு மாறும், நடந்து போறவங்களுக்கும் அடி பலமா விழும்.

கேள்வி: கம்பெனி சைடு ஸ்டெப் போதாதா?

பதில்: போதாது, அது கால் வைக்கத்தான். ஸ்லைடருக்கு அடியில ஜாக் வச்சு தூக்கினா வண்டி எழும்பணும், ஸ்லைடர் வளையக்கூடாது. அப்படி இருந்தாதான் அது ஸ்லைடர்.

கேள்வி: ஊர் பட்டறையில செஞ்சுக்கலாமா ப்ரோ? வீட்ல ஜிஐ பைப் கிடக்கு.

பதில்: செய்யலாம், ஆனா ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, வேணாம். மேல இருக்கிற துத்தநாகம் வெல்டிங் சூட்டுல புகையாகும், சுவாசிச்சா காய்ச்சலே வரும், ஜாயிண்டும் சுத்தமா பிடிக்காது. 3 மிமீ கனமாவது உள்ள எம்எஸ் (பூச்சு இல்லாத சாதா இரும்பு) பைப், சீம்லெஸ் (நீளவாக்குல ஒட்டு இல்லாதது) கிடைச்சா ரொம்ப நல்லது. தாங்குற பிடி எல்லாம் சேஸிஸ்ல (வண்டியோட அடிச்சட்டத்துல) மட்டும்தான் இருக்கணும், பாடி ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, வண்டி முறுக்கும்போது பாடியும் சேஸிஸும் தனித்தனியா அசையும், ரெண்டுலயும் சேத்து மாட்டினா பாடித் தகடு கிழியும். பைப்ப நேரா சேஸிஸ்ல ஒட்டாம நடுவுல கனமான தகடு வச்சு பாரத்த பரப்புங்க, முடிஞ்சா போல்ட்லயே மாட்டுங்க. வெல்டிங்தான்னா பேட்டரி நெகடிவ் வயர கழட்டிட்டு, எர்த் கிளாம்ப வெல்ட் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க, பிரேக் பைப், பெட்ரோல் லைன் எங்க போகுதுன்னு கூட நின்னு பாருங்க. பட்டறைக்காரர் அவசரப்பட்டாலும் விடாதீங்க.

கேள்வி: ஜிம்னிக்கு அடியில இரும்புத் தகடா, அலுமினியமா?

பதில்: 3 மிமீ இரும்பு ஒரு சதுர மீட்டர் 23 கிலோவுக்கு மேல, 6 மிமீ அலுமினியம் 16 கிலோ சொச்சம். ஆனா இரும்பு கல்லு மேல வழுக்கிட்டுப் போகும், அலுமினியம் கல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கும். ஜிம்னி லேசான வண்டி, அதனால இன்ஜினுக்குக் கீழ அலுமினியம், அதிகமா உரசுற டிரான்ஸ்பர் கேஸுக்கு (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டிக்கு) கீழ இரும்பு, இதுதான் என் சாய்ஸ். தகட்டுல ஆயில் இறக்க ஓட்டை கேளுங்க. தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவுல காஞ்ச புல்லு சிக்கினா தீப்பிடிக்கும், ஒவ்வொரு ட்ரிப்புக்கு அப்புறமும் கையை விட்டு எடுத்துடுங்க.

கேள்வி: பழைய ஜிப்ஸி சார், ஓரம் பூரா அலுமினிய செக்கர் பிளேட் (மேல புடைப்பு டிசைன் உள்ள தகடு) ரிவெட் அடிக்கலாமா?

பதில்: வேணாம் சார். அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருந்து நடுவுல ஈரம் நின்னா முதல்ல அலுமினியம் அரிக்கும், ஈரம் தங்கி இரும்பும் துருப்பிடிக்கும், ரிவெட் அடிச்ச ஒவ்வொரு ஓட்டையும் அதுக்கு வாசல், வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தகடு போயிருக்கும். போட்டே ஆகணும்னா நடுவுல ரப்பர் ஷீட் குடுத்து, கழட்டுற மாதிரி ஸ்க்ரூல மாட்டி, மழை சீசன் முடிஞ்சதும் கழட்டிக் கழுவுங்க.

கேள்வி: சீமக்கருவேல முள்ளு கீறல் மட்டும்தான் பிரச்சனை.

பதில்: அதுக்கு இரும்பே வேணாம், கதவுக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) பிபிஎஃப், அதாவது பெயிண்ட்டைக் காக்கிற கண்ணாடி மாதிரி ஃபிலிம், ஒட்டுங்க, போதும்.