மவுஸ் வந்தால் விலகும் தமிழ் எழுத்துகள்

கேள்வி: பி5.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வரைகலை நூலகத்தில் ஒரு சொல்லைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்து, மவுஸ் கிட்டே வந்தால் எழுத்துகள் விலகுவதுபோல் செய்திருக்கிறேன். ஆங்கிலத்தில் நன்றாக வருகிறது. தமிழில் கொம்பும் காலும் பிய்ந்து, புள்ளிவட்டம் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: அனிமேஷனில் கோளாறு இல்லை. சொல்லைப் பிரிக்கிற இடத்தில்தான் சிக்கல். ஸ்பிளிட் கட்டளை யூனிகோடு குறியீடுகளாகத்தான் வெட்டும். ‘கொக்கு’ நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஆறு குறியீடு: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. தனியாக நிற்கும் குறிக்கு ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் அங்கே வட்டம் வருகிறது.

ஸ்பிளிட்டுக்குப் பதிலாக, ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள இன்டில்.செக்மென்ட்டரைப் பயன்படுத்துங்கள். கிரானுலாரிட்டியை, அதாவது எந்த அளவில் வெட்டுவது என்பதை, ‘கிராஃபீம்’ (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று வைத்தால் கொ, க், கு என்று பிரித்துத் தரும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் உடைத்துவிடும். அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும்.

அப்புறம் எழுத்துரு. பி5-இன் 1.x பதிப்புகளில் எழுத்துருக் கோப்பை லோட்ஃபாண்ட் கட்டளை வழியாக ஏற்றினால் எழுத்துகளைக் கோர்க்கும் வேலை உலாவியிடம் போகாது, கொம்பு இடம் மாறி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை இணையப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் ஏற்றி, டெக்ஸ்ட்ஃபாண்ட் கட்டளையில் அதன் பெயரை மட்டும் கொடுங்கள். எழுத்துரு இறங்கி முடிந்த பிறகே அகலத்தை அளக்க வேண்டும். அளக்கும்போதும் ஒவ்வொரு எழுத்தாக அளந்து கூட்டாதீர்கள். ‘கொ’, ‘கொக்’ என்று முன்பகுதி முழுவதையும் டெக்ஸ்ட்விட்த் கட்டளையில் அளந்தால்தான் இடைவெளி பிசகாது.

இனி அசைவு. இதில்தான் ரசனைக்கு இடம் உண்டு, நிறைய நேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சொந்த இடம், இப்போதைய இடம், வேகம் ஆகிய மூன்றும் வேண்டும். மவுஸ் 80 பிக்சலுக்குள் வந்தால் எதிர்த்திசையில் தள்ளுங்கள். நெருங்க நெருங்கத் தள்ளல் கூடட்டும். கூடவே, சொந்த இடத்துக்கு உள்ள தூரத்தில் 0.05 பங்கை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேகத்தோடு சேர்த்து, வேகத்தை 0.85-ஆல் பெருக்குங்கள். இந்த 0.85-ஐ 0.95 ஆக்கினால் எழுத்து ஊசலாடி ஊசலாடி நிற்கும், 0.6 ஆக்கினால் ஆட்டமே இல்லாமல் மெல்ல நகர்ந்து வந்து சேரும். எனக்குப் பிடித்தது ஊசலாட்டம்தான். சொல்லுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும்.

மவுஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும் மவுஸ்எக்ஸ், மவுஸ்ஒய் இரண்டும் மவுஸ் அசையும்வரை 0 தான். அதனால் இடது மேல் மூலையில் உள்ள எழுத்துகள் தொடக்கத்திலேயே விலகி நிற்கலாம். முதல் அசைவு வரும்வரை தள்ளலை நிறுத்தி வையுங்கள். போனில் விரலே எழுத்தை மறைத்துவிடும், அங்கே 80-ஐ 140 ஆக்கிப் பாருங்கள்.