ரெஸ்யூமில் எல்லாம் இருக்கும்போது கவர் லெட்டரில் புதிதாக என்ன எழுதுவது?

நியாயமான கேள்வி. ரெஸ்யூமில் இருப்பதையே பத்தியாக நீட்டி எழுதினால், அந்தக் கடிதத்தை யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் ரெஸ்யூமில் இருக்கிறது. அதில் எது இந்த வேலைக்குக் கைகொடுக்கும் என்று எடுத்துக்காட்டத்தான் கடிதம்.

அதனால் எழுத உட்காரும் முன் வேலை விளம்பரத்தை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். பொறுப்புகள், தகுதிகள் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போகாதீர்கள். பட்டியலில் முதலில் நிற்பது, திரும்பத் திரும்ப வருவது, 'கட்டாயம்' என்று போட்டிருப்பது, இவற்றிலிருந்து இரண்டை எடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நீங்கள் எங்கே செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"நான் கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து பணியாற்றுவேன். புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உள்ளவன்."

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதே ஆள் இப்படி எழுதினால்:

"இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தீர்கள். இப்போது நான் 1,200 பொருள்களுக்கு இருப்பு பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணுவதை நிறுத்தி, வாரம் 100 பொருள் என்று மாற்றி மாற்றி எண்ணத் தொடங்கினேன். மாதம் 40 வரை வந்த வித்தியாசங்கள் எட்டு மாதத்தில் 9 ஆகிவிட்டன."

படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: 'எந்த 100 என்று எப்படி முடிவு செய்தீர்கள்?' அதைக் கேட்கவே நேர்காணலுக்குக் கூப்பிடத் தோன்றும். ஆகவே, கேட்டால் விளக்கத் தெரிந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். முன்பு இவ்வளவு, பிறகு இவ்வளவு என்று காட்டும் எண் கையில் இல்லையா? எத்தனை பேருக்கு, எவ்வளவு அடிக்கடி, எத்தனை நாள் கெடுவுக்குள் என்பதும் எண்தான். இப்போதுதான் படிப்பு முடித்தவர்கள் கல்லூரி புராஜெக்டை எழுதலாம். 'செய்தோம்' என்று மட்டும் எழுதினால் உங்கள் பங்கு தெரியாமல் போய்விடும். நீங்கள் செய்த பகுதியைத் தனியாகச் சொல்லுங்கள்.

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 250 முதல் 350 சொற்கள் போதும். முதல் வரியிலேயே உங்கள் வலுவான சான்று வரட்டும். அந்த நிறுவனம் ஏன் என்பதற்கு ஒன்றிரண்டு வாக்கியம். 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்' என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். அங்கே வேறொரு நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் அப்படியே நின்றால் அதை வெட்டிவிடுங்கள். கடைசியில் எப்போது சேர முடியும் என்று ஒரு வரி. சம்பளத்தைப் பற்றி, விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும்.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். 'குடும்பப் பொறுப்பு காரணமாக ஓராண்டு வேலையில் இல்லை, இப்போது முழுநேரமாகச் சேரத் தயார்' என்றால் போதும். 'எனக்குப் போதிய அனுபவம் இல்லாவிட்டாலும்' என்று மட்டும் தொடங்காதீர்கள். படிப்பவர் கவனிக்காத குறையை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

படிப்பவர் யாரென்று தெரியாமல் 'ஐயா' என்று போடுவதைவிட, 'பணியமர்த்தும் மேலாளர் அவர்களுக்கு' என்பது பாதுகாப்பு. மின்னஞ்சலில் அனுப்பினால், வேறு விதமாகக் கேட்காதவரை கடிதத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதி, ரெஸ்யூமை மட்டும் பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். தலைப்பு வரியில் பதவி, விளம்பர எண், உங்கள் பெயர் மூன்றும் இருக்கட்டும்.

பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்புபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் தேடினால் தப்பிவிடும். அந்தப் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டித் தேடுங்கள், கோப்பின் பெயரையும் ஒருமுறை பாருங்கள், பிறகு அனுப்புங்கள்.