பக்கற் கருவாட்டுக்கு ஃபோகஸ் குரூப்: எத்தனை பேர், எப்படி?

திருகோணமலையில் பக்கற் கருவாடு விற்கத் தொடங்குமுன் ஃபோகஸ் குரூப் (வாடிக்கையாளர் சிலரைக் கூட்டிவைத்து, பொருளைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்பது) நடத்தலாமா, எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடத்தலாம். ஒரு குழுவுக்கு 6 முதல் 8 பேர், 90 நிமிடம். சிலர் வராமல் விடுவார்கள், அதனால் இரண்டு பேரைக் கூடுதலாக அழையுங்கள். நகரில் ஒன்று, நிலாவெளியில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று என்று குறைந்தது மூன்று குழு வேண்டும். கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், ஜும்ஆ தொழுகை நேரம். சிங்களம் பேசும் வாடிக்கையாளருக்குத் தனிக் குழு, சிங்களத்திலேயே.

பெரும்பாலும் கெட்டுப்போவது ஆட்களைச் சேர்க்கும் இடத்தில்தான். உறவினர், அயலவர் என்று கூட்டினால் உங்கள் முகத்துக்காக "நல்லாயிருக்கு" என்பார்கள். மாமியும் மருமகளும் ஒரே அறையில் இருந்தால் மருமகள் வாய் திறக்கமாட்டார். கடந்த ஒரு மாதத்தில் கருவாடு வாங்கிச் சமைத்தவரா என்று முதலிலேயே கேட்டு எடுங்கள். நீங்களே நெறிப்படுத்தவும் வேண்டாம். பொருளின் சொந்தக்காரர் முன்னால் குறை சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம்.

பக்கற்றைக் காட்டியதும் பேச விடாமல், ஒவ்வொருவரும் தம் எண்ணத்தைத் தாளில் எழுதட்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடையதாகிவிடும். "வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்பது சுலபம். கடைசியாக எங்கே, எவ்வளவு வாங்கினீர்கள், உப்பு, மணல், வாடை பற்றி என்ன குறை என்று கேளுங்கள். அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள்.

எட்டில் ஐந்து பேர் விரும்பினார்கள் என்பதை வீதமாக்கி உற்பத்தியைத் தீர்மானிப்பது பெரிய ஆபத்து. விலையை அறிய, 200 கிராம் பக்கற்றை இரண்டு மூன்று கடைகளில் வைத்து விற்றுப் பாருங்கள்.