சென்னையில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் சூரிய மின்சாரம் தயாரித்துச் சேமிக்க, வரைபடத்திலேயே என்ன செய்ய வேண்டும்?

கட்டி முடித்தபின் பேனல் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடி வரைபடம் முடிவாகும்போதே இதுவும் முடிவாக வேண்டும்.

கீழே பார்க்கிங், மேலே 4 தளம், 16 வீடு, 3,000 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, நடக்கும் வழி போக 1,800 சதுர அடி மிஞ்சும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வீதம் 18 கிலோவாட். நாளுக்குச் சராசரி 70 யூனிட். வீட்டுக்கு 10 யூனிட் என்றாலே 160 தேவை. தளங்கள் கூடினாலும் கூரை அதே அளவுதான். எனவே லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்கு முழுமையாக, வீடுகளுக்கு ஓரளவு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

லிஃப்ட் அறையும் தொட்டியும் வடக்கு ஓரத்துக்குப் போகட்டும். 3 மீட்டர் உயர அறையின் நிழல் டிசம்பர் நண்பகலில் வடக்கே 2.2 மீட்டர் நீளும். ஜூனில் தெற்கே விழுவது அரை மீட்டர்தான். பேனல்கள் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்ந்தால் போதும். பேனல்களைத் தாங்கும் சட்டத்துக்கான கான்கிரீட் பீடங்களை, மொட்டை மாடித் தரையில் ஓடு பதிக்கும் முன்பே கூரையோடு சேர்த்து வார்த்துவிடுங்கள். பிறகு துளை போட்டால் ஒழுகும். வெறுமனே எடைக்கல் வைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். சென்னைக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

பலர் ஏமாறுவது சேமிப்பில்தான். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது சோலார் இன்வர்ட்டர். மின்வாரிய லைனோடு மட்டும் இணையும் சாதாரண வகை, கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் லிஃப்ட் ஓட வேண்டுமானால் லைன், பேட்டரி இரண்டோடும் இணையும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். சராசரி 2 கிலோவாட் சுமை, 3 மணி நேரம் என்றால் 6 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதமே எடுப்பதாகக் கணக்கிட்டு, தேய்மானத்துக்கும் இடம் விட்டு, 10 யூனிட் கொள்ளளவு வாங்குங்கள். லிஃப்ட் மோட்டாரை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் வி.எஃப்.டி. என்ற கருவி இல்லாவிட்டால் கிளம்பும்போது பல மடங்கு கரன்ட் இழுத்து இன்வர்ட்டரை டிரிப் ஆக்கும்.

பேட்டரி அறை பார்க்கிங்கில் கூடவே கூடாது. 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது நகரத்துக்கே தெரியும். மொட்டை மாடி வெயிலும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். முதல் தளத்தில், வடக்குப் பக்கம், காற்றோட்டமுள்ள தனிச் செங்கல் அறை ஒதுக்குங்கள்.

தண்ணீர் மோட்டாருக்குப் பேட்டரியைச் செலவழிக்க வேண்டாம். டைமர் போட்டு, காலை 11 முதல் 2 மணிக்குள் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்படி தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் இரவில் மோட்டார் போடும் வேலையே இருக்காது.